லாசரஸ் குழு

வட கொரிய அரசின் உளவு அமைப்போடு தொடர்புடையதாக அமெரிக்கா குற்றஞ்சாட்டும் ஹேக்கர் குழு. பெயர் அவர்கள் வைத்துக்கொண்டதல்ல, இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சூட்டியது. குற்றச்சாட்டை வட கொரியா மறுக்கிறது. மற்ற நாடுகளின் அரசு சார்ந்த ஹேக்கர்கள் பெரும்பாலும் ரகசிய ஆவணங்களைத் தேடிப் போகிறார்கள். இவர்கள் கஜானாவிலும் கை வைப்பவர்கள்.

கிம் ஜாங் உன்னைக் கேலி செய்த திரைப்படத்தை ஒட்டி 2014 நவம்பரில் சோனி பிக்சர்ஸ் கணினிகள் சூறையாடப்பட்டபோதுதான் வெளியுலகம் இவர்களைக் கவனித்தது. ஆனால் கைவரிசை முழுமையாகத் தெரிந்தது வங்கதேச மத்திய வங்கிக் கொள்ளையில்.

வேலை கேட்டு வந்த மின்னஞ்சல்தான் நுழைவாயில். பயோடேட்டா என்று சொல்லி 2015 ஜனவரியில் அனுப்பப்பட்ட கோப்பு வழியே உள்ளே புகுந்தவர்கள், ஓராண்டு சத்தமில்லாமல் இருந்தார்கள். 2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசக் கணக்கிலிருந்து 95.1 கோடி டாலரை மாற்றச் சொல்லி, வங்கிகள் பணப் பரிமாற்ற உத்தரவு அனுப்பும் ஸ்விஃப்ட் வலையமைப்பு வழியாக 35 உத்தரவுகள் பறந்தன. நாள் பார்த்துச் செய்த வேலை. வெள்ளி டாக்காவில் வார விடுமுறை. சனி, ஞாயிறு நியூயார்க்கில். திங்கள், பணம் போய்ச் சேரவிருந்த மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. பரிவர்த்தனைகளைத் தானாக அச்சிடும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள். பிரிண்டர் மக்கர் பண்ணுவது எந்த அலுவலகத்தில்தான் இல்லை? ஊழியர்கள் பெரிதுபடுத்தவில்லை.

பணம் போகவேண்டிய வங்கிக் கிளை இருந்தது மணிலாப் பெருநகரின் ஜூபிடர் தெருவில். அதே பெயரில் ஈரானியக் கப்பல் ஒன்று அமெரிக்கத் தடைப்பட்டியலில் இருந்ததால் நியூயார்க்கில் சந்தேகம் எழுந்தது. 30 உத்தரவுகள் நின்றன. ஐந்து தப்பின. அவற்றில் ஒன்று, 2 கோடி டாலர், இலங்கையின் ஷாலிகா ஃபவுண்டேஷனுக்குப் போக வேண்டியது. 'ஃபவுண்டேஷன்' என்பதை 'ஃபேண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். இடையிலிருந்த டாய்ச்சே வங்கி விளக்கம் கேட்க, பணம் திரும்பியது. எஞ்சிய 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி மணிலா சூதாட்ட விடுதிகளுக்குப் போனது. பணச் சலவைத் தடுப்புச் சட்டம் அன்று அவற்றைக் கட்டுப்படுத்தவில்லை. மீண்டது ஏறக்குறைய ஒன்றரைக் கோடிதான்.

வங்கதேச வங்கி ஆளுநர் அதியுர் ரஹ்மான் அதே ஆண்டு மார்ச்சில் பதவி விலகினார். இந்தக் கொள்ளை தொடர்பாக, பார்க் ஜின் ஹியோக் என்ற வட கொரிய நிரலாளர்மீது 2018-இல் அமெரிக்கா வழக்குப் போட்டது. 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற பணயத் தீநிரல் தாக்குதலும் அதே வழக்கில் சேர்ந்தது. 2025 பிப்ரவரியில் பைபிட் கிரிப்டோ சந்தையிலிருந்து சுமார் 150 கோடி டாலர் களவு போனது. அதற்கும் வட கொரியாவே காரணம் என்றது எஃப்.பி.ஐ.