கொற்கையின் சங்கறுப்புப் பட்டறைகள்

கொற்கை என்றதும் முத்தை நினைப்பதே வழக்கம். அவ்வூரில் சங்கை அறுத்து வளையலாக்கிய தொழிலாளரை நினைப்போர் சிலரே. முத்து, சிப்பியினின்றும் எடுத்த அளவிலேயே விலைபெறும். துளையிட்டுக் கோத்தால் அணியாகிவிடும். சங்கோ பட்டறையேறிய பின்னரே அணியாகும். கொற்கை துறைமுகமாக மட்டுமன்றித் தொழிலூராகவும் விளங்கியது என்பதற்கு முத்தினும் சங்கே சிறந்த சான்று.

அகநானூற்றின் 24ஆம் பாட்டில் ஆவூர் மூலங்கிழார், வேள்வி செய்யாத பார்ப்பான் ஒருவன் வாளரத்தால் சங்கறுப்பதைக் குறிக்கிறார். வளையல்களை அறுத்தெடுத்த பின் எஞ்சும் சங்கின் தலைப்பகுதி, இதழ் விரியாத பகன்றை மொட்டுக்கு உவமையாகிறது. புலவரின் கருத்தைக் கவர்ந்தது வளையலன்று. பட்டறைத் தரையில் கிடந்த கழிவு! தொழில் நடக்கும் இடத்தை அருகிருந்து பார்த்தவர்க்கன்றி இவ்வுவமை தோன்றுதல் அரிது. மதுரைக்காஞ்சியும் மதுரை நகரின் கைவினைஞர் வரிசையில் சங்கறுத்துக் கடைவோரைச் சேர்த்துரைக்கின்றது.

அப்புலவர் கண்ட கழிவையே பின்னாளில் கொற்கை மண்ணும் காட்டியது. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் கொற்கையிலும் காயலிலும் அறுபட்ட சங்குத் துண்டுகளைக் கண்டெடுத்து, 1914இல் வெளியான தம் நூலில் அவற்றைப் பதிவு செய்தார். 1968-69இல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை நிகழ்த்திய கொற்கை அகழாய்வும் இத்தொழிலுக்கு அரண் செய்தது.

பட்டறையில் வேலை நடந்த முறையை உணர வேண்டின் வங்காளத்தை நோக்க வேண்டும். தாக்கா நகரின் சாங்காரிப் பஜாரில் சங்கறுப்போரை ஹார்னெல் நேரில் கண்டு எழுதியுள்ளார். முதலில் சுத்தியலால் தட்டிச் சங்கின் உட்தண்டை நீக்குவர். பின்னர்த் தரையில் அமர்ந்து, சங்கைப் பாதங்களுக்கிடையே இறுக்கி, பிறைபோல் வளைந்த கனத்த அரத்தை இருகையாலும் பிடித்து இழுத்து அறுப்பர். ஒரு சங்கில் தேறுவன சில வளையங்களே. அவற்றின் உட்புறத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிச் சித்திரம் செதுக்குவர். கை சற்றே பிறழ்ந்தால் வளையம் உடைந்துபோகும். இத்திறம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பட்டறையிலேயே வாய்த்ததாகும்.

தமிழகத்தில் இத்தொழில் அற்றதற்கு அயலாரையே குறை கூறுதல் எளிது. ஒல்லாந்தர் 1658இல் போர்ச்சுகீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய பின்னர்ச் சங்கு வாணிகத்தைத் தம் தனியுரிமையாக்கி வங்காளத்துக்கு அனுப்பினர். ஆங்கிலேயரும் அவ்வழியே சென்றனர். ஆயினும் பட்டறையை வாழவைப்பது கடல் மட்டுமன்று, வளையணியும் கையுமாகும். தலைவி மெலிய வளை நெகிழ்வதாகப் பாடிய நாட்டில், மகளிர் கைகளில் கண்ணாடியும் பொன்னும் ஏறின. வங்கத்திலோ மணமான பெண்ணின் மங்கலச் சின்னமாகச் சங்கு வளை நிலைத்தது. அங்கு உடுப்பவர் இருந்தமையால் அறுப்பவரும் இருந்தனர்.

1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். அந்நாளிலும் அதே தூத்துக்குடியினின்று சங்குகள் அறுபடாமலே வங்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்நாட்டுப் பொருளாக்கம் பேசப்பட்ட அவ்வூரில் இந்தப் பழந்தொழிலை மீட்கும் எண்ணம் வலுப்பெறாதது வியப்பிற்குரியது.

1947இல் வங்கம் பிரிந்தபின் சாங்காரிகள் பலர் மேற்கு வங்கத்தில் குடியேறினர். விஷ்ணுபூர் முதலிய ஊர்களில் சங்குத் தொழில் இன்றும் நடைபெறுகின்றது. அரத்தின் இடத்தை மின்பொறி பற்றியிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுவிட்டது. சங்கு குளித்தல் நிற்கவில்லை. வங்கத்துப் பட்டறைகளில் சங்கினை ஊர்வாரியாகத் தரம் பிரிப்பர். அங்குப் பேர்பெற்ற ஒரு வகையின் பெயர் 'தித்குட்டி'. தூத்துக்குடி என்னும் ஊர்ப்பெயரே வங்காளியர் நாவில் அவ்வாறு திரிந்து வழங்குகின்றது.