இருப்புப்பாதை விலகிச் சென்ற ஊர்

திருவரங்கத்துச் சிறுவனுக்குக் காவிரி தெரியும், கடல் தெரியாது. 1970-களின் தொடக்கத்தில் என் தந்தையார் என்னைத் தரங்கம்பாடிக்கு அழைத்துச் சென்றார். மாயவரத்தில் வண்டி மாறினோம். சிறு கிளைப்பாதை, கூட்டமில்லை. ஊருக்குள் நுழைந்தால் அகன்ற தெரு, தூண்கள் வைத்த பெரிய வீடுகள், பூட்டிய கதவுகள். "மனிதர்களெல்லாம் எங்கே, அப்பா?" என்றேன். "இரயிலைக் கேள்" என்றார். அதன் பொருள் விளங்கப் பல்லாண்டுகள் ஆயின.

மாணவச் செல்வங்களே! 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு, மிளகு வாணிகத்தை நாடி டென்மார்க்கு நாட்டார் இங்கே குடியேறினர். டேன்ஸ்பர்க் கோட்டையை எழுப்பினர். நாயக்கர் பொன்னேட்டில் விடுத்த மடல் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் உள்ளது. 1706-இல் வந்திறங்கிய சீகன்பால்கு இவ்வூரிலேயே தமிழ் கற்றார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் இங்கேயே தமிழில் அச்சேறி முடிந்தது. தாளுக்குத் தட்டுப்பாடு வரவே, பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் வைத்தனர்.

1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்கப்பட்டன. (குடிமக்களை எவரும் கேட்கவில்லை.) அத்தோடு ஊர் வீழ்ந்தது என்பர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. விற்பனைக்குப் பின்னும் தஞ்சை மாவட்டக் கலெக்டரின் தலைமையிடம் பதினைந்து ஆண்டுகள் இங்கேதான் இருந்தது. 1860-இல் அது தஞ்சைக்குப் போயிற்று. அடுத்து, நாகப்பட்டினத்தில் புறப்பட்ட இருப்புப்பாதை தஞ்சை வழியே 1862-க்குள் நம் திருச்சிராப்பள்ளியை எட்டியது. சரக்கு நாகையை நோக்கி ஓடியது. கப்பலும் அதன் பின்னே சென்றது. நம் ஊருக்கு வாய்த்த நல்வாய்ப்பு, அவ்வூருக்கு இழப்பாயிற்று.

இங்கிலாந்தில் கதை வேறு. 1841-இல் இலண்டனிலிருந்து பாதை வந்ததும் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்கு விடுமுறைக் கூட்டம் திரண்டது. அவ்வாறு இரயிலால் செழித்த மார்கேட் போன்ற ஊர்கள், மக்கள் வானூர்தி ஏறி ஸ்பெயினுக்குச் செல்லத் தொடங்கியபின் களையிழந்தன. தரங்கம்பாடிக்கோ 1926-இல்தான் பாதை வந்தது. துறைமுக வாணிகம் அதற்கு முன்பே போய்விட்டது. 1986-இல் அந்தப் பாதையும் மூடப்பட்டது.

அண்மையில் பேருந்தில் மீண்டும் சென்றேன். 1792-இல் கட்டிய நகரவாயில் நிற்கிறது, கோட்டையைச் செப்பனிட்டுள்ளனர். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004-இல் ஆழிப்பேரலை மீனவர் குடியிருப்பைச் சூறையாடிச் சென்றது.

தேநீர்க்கடைச் சிறுவனிடம், "பழைய நிலையம் எங்கே, தம்பி?" என்று கேட்டேன்.

"இங்கே இரயில் வந்ததா, ஐயா?" என்றான் அவன்.