அறுபது நிமிடக் கடிதம்

1963இல் பெர்லின் கண்காட்சியில் பிலிப்ஸ் கேசட்டை முதலில் காட்டியபோது அதன் நோக்கம் பாட்டைவிடப் பேச்சைப் பதிவதுதான். அந்த நோக்கத்தை நிறைவேற்றியவர்கள், என் கணக்கில், எழுபது எண்பதுகளில் வளைகுடாவுக்கு வந்த தமிழர்களும் மலையாளிகளும். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டுக்கும் குரல் போய்ச் சேர்ந்தது. ஊருக்குப் போகிறவர் பெட்டியில் கேசட்டைக் கொடுத்தனுப்புவார்கள்.

துபாயிலிருந்து கூத்தாநல்லூருக்கு அத்தா அனுப்பும் கேசட்டில் பின்னணியில் ஏசி இரைந்துகொண்டிருக்கும். கொண்டுவந்தவர் நாளைக்கே திரும்புகிறார், வீட்டில் வேறு கேசட் இல்லை என்றால், அம்மா அதன் மேலேயே பதிலைப் பதிவார். அத்தா இறந்தபின் தேடினேன். எல்லாவற்றிலும் அம்மாவின் குரல்தான்.

வாட்ஸப்பில் குரல் செய்தி 2013இல் வந்தது. அமீரகத்தில் வாட்ஸப் அழைப்புக்குத் தடை என்பதால் அம்மா அதிலேயே பேசிப் பழகிவிட்டார். ஒருவர் பேசி முடிக்கும்வரை மற்றவர் குறுக்கிட முடியாது, கேசட்டும் அப்படித்தான்.

என் மகளுக்குத் தமிழ் வாசிக்க வராது, கேட்டால் புரியும். ஆனால் கேட்பது இரண்டு மடங்கு வேகத்தில். போன மாதம், போனில் இடமில்லை என்று அம்மாவின் செய்திகளை மொத்தமாக அழித்துவிட்டாள். சத்தம் போட்டேன். ஊருக்குச் சொன்னபோது அம்மா சிரித்தார்: "நானும் அழிச்சிட்டுத்தானேப்பா ஒங்கத்தாவுக்குப் பதில் பேசுனேன்."

தரவைக் காப்பது என் தொழில். இப்போது ஞாயிறுதோறும் அம்மாவின் செய்திகளை என் போனிலிருந்து தனி டிஸ்க்கில் ஏற்றிவைக்கிறேன். மகள் தன் போனில் எந்த வேகத்திலும் கேட்கலாம், அழிக்கலாம். காரில் மட்டும் சாதா வேகம் என்று ஒப்பந்தம்.