படத்தில் கறுத்த முகங்கள்

சிங்கப்பூரின் மேற்கே பூன் லே என வழங்கும் வட்டாரம், சியூ பூன் லே என்னும் சீன வணிகரின் பெயரைத் தாங்கியது. இன்று அடுக்கு வீடுகள் நிற்கும் அந்நிலத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்றது. அத்தகைய தோட்டமொன்றின் பழைய படம் நம் கணக்கர் அறைச் சுவரில் தொங்குகிறது. துரையின் மீசை மயிரைக்கூட அதில் எண்ணலாம். பின்னே நிற்கும் நம்மவர் முகங்களோ கரி பூசியவை போல் உள்ளன. "அக்காலத்து ஆட்கள் அப்படித்தான் இருந்தார்கள்" என்றார் பார்த்தவர் ஒருவர். அச்சொல் உறுத்தவே, உண்மை யாதென ஆராயப் புகுந்தோம்.

சிங்கப்பூருக்கு இக்கலை புதிதன்று. 1843-லேயே டுட்ரோன்குவா என்பவர் லண்டன் ஓட்டலில் உருவப்படம் எடுக்கத் தொடங்கினார். 1862-ல் ஜான் தாம்சன் வந்தார். 1867-ல் லாம்பர்ட் கடை திறந்தார். லாம்பர்ட் கடையார் தமிழரையும் படமெடுத்துக் 'கிளிங்' எனப் பெயரிட்டு விற்றனர். பெயரில் இருந்த இழிவை விடுங்கள். படத்தின் நிறத்திலேயே ஒரு பிழை இருந்தது.

அந்நாளைய தகடு நீலத்தையும் ஊதாவையுமே உணரும். சிவப்பும் மஞ்சளும் அதற்கு இருளே. ஆகவே நீல வானம் வெள்ளைத் தாளாகும்; மரத்தின் பச்சை கறுக்கும்; குங்குமம் மையாகும். மஞ்சள் பூசிக் குளித்து வந்த பெண்ணின் முகம், அவள் பூசிய மஞ்சளாலேயே இருண்டுவிடும்! மாநிறத் தோல் நீல ஒளியைச் சிறிதளவே திருப்புவது. அதன்மேல், துரையின் வெள்ளை உடைக்கு அளவாக ஒளி விட்டால் நம்மவர் முகம் என்னவாகும்?

வில்லையும் தன் பங்குக்குத் தொல்லை கொடுத்தது. நிறத்திருத்தம் செய்யாத வில்லையில் ஊதாக் கதிர், கண் நம்பும் மஞ்சள் கதிரினும் வில்லைக்கு அருகே குவியும். கண்ணுக்குத் தெளிந்த உருவம் தகட்டில் மங்கும். தகட்டைச் சற்று முன் நகர்த்தினாலன்றித் தெளியாது. இருவகைக் கண்ணாடியைக் கனடா பிசினால் ஒட்டி இக்குறையைத் தீர்த்தனர். அப்பிசினும் நாளடைவில் மஞ்சளிக்கும். பிற்காலத்துத் தோரியம் கலந்த வில்லைகளும் மஞ்சளிப்பவையே. அவற்றைச் சில வாரம் வெயிலில் வைத்தால் பெரிதும் தெளியும். பிசினுக்கு அம்மருந்து பலிக்கும் எனச் சொல்வதற்கில்லை.

வெள்ளைக்காரர் இக்குறையை அறியாதவரல்லர். 1858-ல் மதுரையையும் தஞ்சையையும் படமெடுத்த டிரைப், வெறிச்சோடிய வானத்தில் மேகம் தோன்றும்படி எதிர்ப்படத்தில் கையால் வண்ணம் தீட்டினார். வானத்துக்குக் கிடைத்த அந்தக் கரிசனம் தோட்டத்து முகங்களுக்கு எளிதில் கிடைக்கவில்லை. 1873-ல் ஹெர்மன் வோகல், சாயம் கலந்தால் தகடு பச்சையையும் உணரும் எனக் கண்டார். சிவப்பையும் உணரும் தகடு 1906-ல் விற்பனைக்கு வந்தது. ஆனால் பழைய மலிவுத் தகடுகள் அதன் பின்னும் விலை போயின.

நம் சுவர்ப் படத்தைத் திருத்த இயலுமோ என ஒரு படக்கடைக்காரரிடம் காட்டினோம். வெளிச்சத்தைக் கூட்டலாம், பதியாத சாயலை வரவழைக்க இயலாது என்றார். திரும்பக் கொணர்ந்து மாட்டிவிட்டு, "சிவப்பும் மஞ்சளும் அறியாத தகட்டில் எடுத்தது" என்று ஒரு சீட்டெழுதி அதன் கீழே ஒட்டினோம்.