மணலில் எழுதவைத்த எட்டு வயசு வாத்தியார்

போன மாசம் ஊட்டி போறப்போ பர்லியாரில் டீக்கு பஸ் நின்னுது. பக்கத்து சீட் பையனோட அப்பாவுக்கு ராணுவ வேலை, வெலிங்டனுக்கு மாற்றல். "கேந்திரிய வித்யாலயாதான்ணா, எல்லா ஊர்லயும் ஒரே சிலபஸ். ஆனா பாதியில போய்ச் சேர்ந்தா பேச ஆள் இருக்காது"ன்னான். இது அவனுக்கு அஞ்சாவது ஸ்கூலாம்.

இப்படி மாற்றலாகிறவங்க பிள்ளைகளுக்காகத்தான் 1963-ல் அந்தப் பள்ளிகளே ஆரம்பிச்சாங்க. ஆனா எனக்கு ஞாபகம் வந்தது இன்னும் பழைய கதை.

1789. சென்னையில் வெள்ளைக்கார சோல்ஜர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கு ஆண்ட்ரூ பெல் பொறுப்பேற்றார். நம்ம திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பசங்க மணலில் எழுதுவதைப் பார்த்து, இங்கேயும் அப்படிச் செய்யச் சொன்னார். வாத்தியார்கள் மசியலை. உடனே ஒரு சோல்ஜர் மகனை, எட்டு வயசு ஜான் ஃப்ரிஸ்கனை, சின்னப் பசங்களுக்கு வாத்தியாராக்கிட்டார். பலிச்சுது! 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' உலகமெல்லாம் பரவியது.

அந்தப் பள்ளி பின்னாளில் ஊட்டிக்கு வந்து, 1858-ல் சோல்ஜர் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய லாரன்ஸ் அசைலத்தோடு சேர்ந்தது. இன்னைக்கு அது லவ்டேல் லாரன்ஸ் பள்ளி.

சிலபஸை சர்க்கார் ஒண்ணாக்கிடலாம். முதல் நாள் நோட்டை நீட்ட, பக்கத்து பெஞ்சில் ஒரு ஃப்ரிஸ்கன் வேணுமே!