அசையும் முகம்: மரமுகமூடியிலிருந்து ரப்பர்த் தோலுக்கு

பெங்களூரைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தும்கூர், மண்டியா வட்டாரங்களிலும் கிராமதேவதைத் திருவிழாக்களில் ஆடப்படும் சோமன குணிதவில், ஆடுபவர் மரத்தில் செதுக்கிய பெரிய முகத்தைத் தாங்கி வருவார். அந்த விழிகள் உருண்டு திரண்டிருக்கும், ஆனால் இமைக்காது. கடலோர யட்சகானத்தில் அரக்க வேடத்துக்கு வழி வேறு. அரிசி மாவையும் சுண்ணாம்பையும் குழைத்து, முகத்தின் மேலேயே புள்ளி புள்ளியாக வைத்து முள்போல் எழுப்புவார்கள். அது முகத்தோடு சேர்ந்து நிற்கும். விடிந்ததும் களைந்துவிட்டு, அடுத்த ஆட்டத்துக்கு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தென்னிந்தியத் திரையில் செயற்கை முக ஒப்பனை தாமதமாக வந்ததற்குக் கைத்திறன் குறைவைக் காரணம் சொல்வதுண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மெழுகில் உரு செய்து, மண் பூசி, உருக்கி வடித்து உலோகம் ஊற்றும் வேலை சுவாமிமலையில் தலைமுறைகளாக நடக்கிறது. அச்சும் வார்ப்பும் நமக்குப் புதியவை அல்ல. வார்த்த பிறகும் தோல்போல் அசைகிற ஒரு பொருள்தான் ஒப்பனை அறைக்குள் வராமலிருந்தது.

அந்தப் பொருள் நுரை ரப்பர். 1939இல் வெளியான ‘தி விசார்ட் ஆஃப் ஆஸ்’ படத்தில் ஜாக் டான் அதைக் கையாண்டார். முதலில், பல் மருத்துவர்கள் அளவெடுக்கப் பயன்படுத்தும் ஆல்ஜினேட்டை நடிகரின் முகத்தில் பூசி அச்செடுப்பார்கள். அதில் பிளாஸ்டர் ஊற்றினால் முகத்தின் நகல் கிடைக்கும். நகலின் மேல் களிமண்ணால் சுருக்கமும் தொங்கு சதையும் செதுக்கி, அதற்கு மறு அச்சு எடுப்பார்கள். களிமண்ணை நீக்கிய இடைவெளியில், நுரைக்க அடித்த ரப்பர்ப் பாலை நிரப்பி அடுப்பில் வேகவைப்பார்கள். ஓரம் காகிதத்தைவிட மெலிதாக வந்தால்தான் ஒட்டிய தடம் கேமராவுக்குத் தெரியாது. மெலிந்த ஓரம் கழற்றும்போது கிழிந்துவிடும் என்பதால் ஒவ்வொரு படப்பிடிப்பு நாளுக்கும் புதுத் துண்டு வேண்டும். இத்தொழிலின் செலவு பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது.

1964இல் வெளியான ‘நவராத்திரி’யில் சிவாஜி கணேசன் ஏற்ற ஒன்பது வேடங்களும் வண்ணப்பூச்சு, ஒட்டுமுடி, உடல்மொழி ஆகியவற்றாலேயே பிரிந்து நின்றன. கன்னடப் படங்களும் நெடுங்காலம் சென்னை ஸ்டுடியோக்களையே நம்பியிருந்ததால், ஒப்பனை மரபும் இரு மொழிக்கும் பொதுவாகவே இருந்தது.

திருப்பம் 1996இல் வந்தது. ‘இந்தியன்’, ‘அவ்வை சண்முகி’ இரண்டிலும் கமல்ஹாசனின் முகத்தை மாற்றியவர் மைக்கேல் வெஸ்ட்மோர். ‘மாஸ்க்’ படத்துக்காக சோல்டன் எலெக்குடன் ஆஸ்கர் பெற்றவர். அவருடைய பாட்டனார் ஜார்ஜ் வெஸ்ட்மோர் 1917இலேயே ஹாலிவுட் ஸ்டுடியோவில் ஒப்பனைப் பிரிவைத் தொடங்கியவர். மைக்கேல் வெஸ்ட்மோரே 2008இல் ‘தசாவதாரம்’ படத்தின் பத்து வேடங்களுக்கும் வந்தார். 2015இல் ‘ஐ’ படத்துக்கு நியூசிலாந்தின் வேட்டா வொர்க்‌ஷாப் வந்தது. ரப்பர் விளையும் கேரளம் பக்கத்தில். கோட்டயத்தில் 1955 முதல் ரப்பர் ஆராய்ச்சி நிலையம்! முகத்துக்கான துண்டுகளுக்கோ கடல் கடந்த கைகளை நாடினோம். இது என்னை இன்றும் உறுத்துகிறது.

தேசிய விருதுகளில் மாற்றம் தெரிகிறது. 2009இன் ‘பா’ படத்துக்கான ஒப்பனை விருதைப் பெற்றவர்கள் கிறிஸ்டியன் டின்ஸ்லி, டொமினி டில் என்ற வெளிநாட்டுக் கலைஞர்கள். 2014ஆம் ஆண்டுக்கான விருது ‘நானக் ஷா ஃபகீர்’ படத்துக்காக இங்கேயே பணிபுரியும் பிரீதிஷீல் சிங்குக்கும் குளோவர் வூட்டனுக்கும் கிடைத்தது. இரு பாகமாகக் கலந்தால் அறை வெப்பத்திலேயே இறுகும் சிலிக்கோன் பரவியதும் இத்தகையோருக்கு உதவியது. அதற்கு நுரை அடிக்கும் இயந்திரமோ வேகவைக்கும் அடுப்போ தேவையில்லை. ஒரு சின்ன அறையும் நல்ல அச்சும் போதும்.