நெய்யூர் மருத்துவமனை: மருத்துவ ஆய்வுகள்

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்திலுள்ள நெய்யூரில் இலண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி 1838இல் ஆர்ச்சிபால்ட் ராம்சேயால் தொடங்கியது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. இம்மருத்துவமனையின் நோயாளிப் பதிவுகள் பல துறைகளில் ஆய்வுக்கு அடிப்படையாயின.

வாய்ப்புற்றுநோய்: இங்கு பணியாற்றிய பென்டால், திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பை 1908இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். மருத்துவர் இயான் ஓர் 1933இல் லான்செட் இதழில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்றை விரிவாக ஆராய்ந்தார். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை சேர்ந்த சக்கையைக் கன்னத்தில் அடக்கி வைக்கும் பக்கத்திலேயே பெரும்பாலும் புண் தோன்றியது. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை பின்னர் வகைப்படுத்தியது. 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவுகள் 2005இல் வெளியாயின. வாயைக் கண்ணால் பார்த்துச் சோதிப்பதே புகையிலை, மது பழக்கமுள்ளோரின் வாய்ப்புற்று மரணத்தைக் குறைத்ததாக அது காட்டியது.

குடற்புண்: 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் சென்ற அறுவை மருத்துவர் ஹோவர்ட் சாமர்வெல் (1890–1975) நெய்யூரில் நீண்டகாலம் பணிபுரிந்தார். இப்பகுதியில் மிகுதியாக இருந்த முன்சிறுகுடற்புண்ணுக்கான அறுவைச் சிகிச்சையில் அவர் புகழ்பெற்றார். தென்னிந்திய உணவுமுறையே இப்புண்ணுக்குக் காரணமா என்ற கேள்வி அக்காலத்தில் எழுந்தது. 1982இல் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் இப்புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி பாக்டீரியாவை வளர்த்துக் காட்டிய பின், ஆன்டிபயாடிக் மருந்துகளே முதன்மைச் சிகிச்சையாயின. அறுவையின் தேவை வெகுவாகக் குறைந்தது.